ஃப்ளையின் கடைசி முடிச்சு: விரலா, கருவியா?

ட்ரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கொண்டு கட்டும் பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. அதில் வால், உடம்பு, இறக்கை, கழுத்து இறகு என்று எத்தனை பொருள் இருந்தாலும் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது ஒரே நூல். அந்த நூலைப் பிடித்து வைத்திருப்பது, முள்ளின் காதுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் போடும் கடைசி முடிச்சு. அது அவிழ்ந்தால் அரைமணி நேர வேலை நாலு வீச்சில் போய்விடும். நான் கட்டிய முதல் பத்துப் பதினைந்து ஃப்ளைகள் அப்படித்தான் போயின. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடையில் நூலை இழுத்துப் பார்த்தபோது, கழுத்து இறகு கழன்று வாலுக்கும் பின்னால் நீண்டு கிடந்தது. முள்ளில் ஒட்டியிருந்தது மயில்தோகை இழை மட்டும்.

அதனால் புதிதாகக் கட்டத் தொடங்குகிறவர்கள், "முடிச்சுப் போடக் கருவி வாங்கணுமா, கையாலேயே பழகிக்கொள்ளலாமா?" என்று கேட்கும்போது அதைச் சின்னக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் விரலால் பழகுங்கள். 16-ஆம் எண்ணுக்கும் சின்ன முள்ளில் கட்டத் தொடங்கும்போது கருவி வாங்குங்கள். (முள்ளில் எண் கூடக்கூட அளவு குறையும், 8 பெரியது, 20 கொசு அளவு.) சிலருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் முடிச்சையே பார்த்துவிடலாம். கடைசியில் போடுவது இரண்டு வகை. ஒன்று அரை முடிச்சு, ஹாஃப் ஹிட்ச் என்பார்கள். இதை நம் வீடுகளில் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ கட்டத் தெரிந்த எல்லார் விரலிலும் இது இருக்கிறது. நாரை விரலில் சுழற்றி ஒரு கண்ணி போட்டு, காம்பின் மேல் நழுவவிட்டு இழுத்தால் இறுகுகிறதே, கிட்டத்தட்ட அதுதான். நான் மேசையில் திணறிக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மா பின்னால் நின்று பார்த்தார். "இதுக்கா இவ்வளவு நேரம்? மல்லிகை கட்டுற முடிச்சுதானே" என்று நூலை வாங்கி ஒரே சுழற்றில் போட்டுக் காட்டினார். அவர் போட்டது எனக்கு அதுவரை வராத அளவுக்குச் சரியான இடத்தில், சரியான இறுக்கத்தில் உட்கார்ந்தது.

ஆனால் பூச்சரத்தில் ஒரு முடிச்சு நழுவினால் அடுத்த முடிச்சு தாங்கும். ஃப்ளையில் அடுத்தது என்று ஒன்று இல்லை. அரை முடிச்சில் நூலின் நுனி ஒரே ஒரு சுற்றுக்கு அடியில்தான் சிக்கியிருக்கிறது. ஓடைத் தண்ணீரில் ஊறி, கல்லில் உரசி, ட்ரவுட்டின் சின்னப் பற்களுக்கு நடுவே நசுங்கி அந்த ஒரு சுற்று தளர்ந்துவிட்டால் முடிந்தது. மூன்று அரை முடிச்சு அடுத்தடுத்துப் போட்டால் கொஞ்சம் தாங்கும். என் பழைய ஃப்ளைகளில் இருந்தது ஒன்றே ஒன்று.

இரண்டாவது வகை விப் ஃபினிஷ். நூலின் நுனியை முள்ளின் தண்டோடு படுக்கவைத்து, அதே நூலால் அதன் மேல் நாலைந்து சுற்று சுற்றி, பிறகு நுனியை இழுத்துக் கண்ணியை உள்ளே விழுங்கவைப்பது. கயிற்றின் முனை பிரியாமல் இருக்க மாலுமிகள் போடும் சுற்றுக்கட்டும், கடலோரத்தில் தங்கூசி நரம்பை முள்ளின் தண்டில் சுற்றிக் கட்டுவதும் இதற்கு நெருங்கிய சொந்தம். எல்லாவற்றிலும் நுனி சுற்றுகளுக்கு அடியில் புதைந்திருக்கிறது. இழுக்க இழுக்க மேலிருக்கும் சுற்றுகள் அதை அமுக்குகின்றன. சரியாகப் போட்டால் பசை இல்லாமலே நிற்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கருவியால் போட்ட விப் ஃபினிஷும் விரலால் போட்ட விப் ஃபினிஷும் ஒரே முடிச்சு. கருவியால் போட்டது கூடுதல் பலம் என்று விற்கிறவர்கள் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். வெறும் முள்ளில் இரண்டு விதமாகவும் போட்டு, வார்னிஷ் தடவாமல் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என் கையில் இன்றுவரை வித்தியாசம் தெரிந்ததில்லை. பக்கத்திலேயே ஓர் அரை முடிச்சைப் போட்டுச் சுரண்டினால் வித்தியாசம் உடனே தெரியும். ஆகவே, விரலா கருவியா என்பதில் பலம் ஒரு கேள்வியே இல்லை. உங்கள் கை எப்படிப்பட்டது, முள் எவ்வளவு சின்னது, நூல் எந்த வகை என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

விரலால் போடுவது எப்படி என்று எழுத்தில் சொல்வது கடினம், ஆனாலும் முயல்கிறேன். முள் வைஸில் (முள்ளை அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) இருக்கிறது, காது வலப்பக்கம். பாபினிலிருந்து (நூல்கண்டைத் தாங்கும் பிடியிலிருந்து) ஒரு சாண் நூலை இழுத்துக்கொண்டு, பாபினை இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நூலின் மேல் வைத்து, மணிக்கட்டைத் திருப்பினால் நூல் விரல்களைச் சுற்றி ஒரு கண்ணியாகும். இப்போது பாபினுக்குப் போகும் கால் முள்ளின் தண்டோடு இணையாகப் படுக்க வேண்டும். கண்ணியின் மற்றக் கால் அதைக் குறுக்கே கடக்க வேண்டும். பார்த்தால் 4 என்ற எண் போல இருக்கும். அந்த 4 தெரியாவிட்டால் சுற்றத் தொடங்காதீர்கள். கையை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். 4 வந்துவிட்டால், இரண்டு விரல்களையும் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடி, கண்ணியைத் தண்டின் மேலும் கீழுமாகக் கடத்தினால் ஒரு சுற்று. அப்படி ஐந்து. கடைசியில் விரலை எடுக்கும் முன் கண்ணிக்குள் ஒரு தையல் ஊசியை நுழைத்து, ஊசியால் இழுவிசையைக் காத்துக்கொண்டே பாபினை இழுக்க வேண்டும். ஊசி இல்லாமல் விட்டால் நூல் முறுக்கிக்கொண்டு பாதி வழியில் பூட்டிக்கொள்ளும். விப் ஃபினிஷ் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி நொடியில்தான். பழைய ரப்பரில் குத்திய ஓர் ஊசி என் மேசையில் எப்போதும் இருக்கும்.

இது வர எனக்கு ஒரு வாரம் ஆனது. ஃப்ளை கட்டிக்கொண்டே பழகினால் அதைவிட நாளாகும், ஏனென்றால் ஒரு ஃப்ளைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. அதற்குப் பதிலாக ஒரு பென்சிலை வைஸில் மாட்டி, கெட்டியான நிற நூலால் ஒரே உட்காரலில் இருபது முறை போடுங்கள். நூல் எங்கே கடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். மறுநாள் பெரிய முள்ளில், அதற்கடுத்த நாள் 12-இல்.

விரலால் போடுவதில் நான் பெரிதாக மதிக்கும் பலன் ஒன்று உண்டு. நூல் அறுவதற்குச் சற்று முன் கொஞ்சம் நீளும். அந்த நீட்சி விரலுக்கு நேராகத் தெரியும். முடிச்சில் மட்டும் பயன்படுகிற அறிவு இல்லை இது. இறகை முள்ளில் கட்டும்போதும், உடம்பைச் சுற்றும்போதும் எவ்வளவு இறுக்கலாம் என்பதை இதே விரல்தான் தீர்மானிக்கிறது. முதல் நாளிலிருந்தே கருவியைப் பிடித்தவர்கள் பலர் நூலை அளவுக்கு மீறித் தளர்வாகவோ, அறும் அளவுக்கு இறுக்கமாகவோ கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வேகம். கருவியை எடுக்க வேண்டாம், வைக்க வேண்டாம். கத்தரிக்கோலைக் கையிலேயே மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு, ஒரு நாளில் பல டஜன் கட்டுகிறவருக்கு, இது உண்மையான லாபம். நடுவில் நூலின் நிறத்தை மாற்ற வேண்டியிருந்தால் சட்டென்று மூன்று சுற்று போட்டு வெட்டிவிடலாம். மான் முடியை மொத்தமாகக் கட்டிச் செதுக்கும் பெரிய தலைகளுக்கும் விரல்தான் வசதி. கண்ணியை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாக்கலாம். சாதாரணக் கருவியின் கை அந்தத் தலையைத் தாண்டிப் போகாது, நீளக் கை உள்ளதைத் தனியாக வாங்க வேண்டும்.

சரி, கருவிக்கு வருவோம். சந்தையில் அதிகம் காணப்படுவது மட்டரெல்லி வகை. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஃப்ராங்க் மட்டரெல்லி என்பவரின் பெயரால் அது அறியப்படுகிறது. ஒரு குழாய்க் கைப்பிடி, அதற்குள் தானாகச் சுழலும் கம்பி. கம்பியின் முனையில் ஒரு சின்னக் கொக்கி, அதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. கொக்கியில் நூலை மாட்டி, வளைவைச் சுற்றிக் கொண்டுவந்து, பாபினை முள்ளின் மட்டத்துக்கு உயர்த்தினால் அதே 4 கம்பியில் உருவாகிவிடும். கொக்கியின் முனையை முள்ளின் காதுக்கு அருகே வைத்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் சுற்றுகள் ஒழுங்காக விழும். பிறகு கருவியைச் சற்றுச் சாய்த்து வளைவிலிருந்து நூலை நழுவவிட்டு, கொக்கியில் மட்டும் தொங்கும் கண்ணியைப் பாபினால் இழுத்து மூட வேண்டும். ஊசி செய்யும் வேலையையும் கொக்கியே செய்துவிடுகிறது. தாம்சன் வகை என்று இன்னொன்று உண்டு. அது ஸ்பிரிங் கைகளை நெருக்கிப் பிடித்துப் போடுவது, கைப்பிடிக்குள் சுழலாது. புதிதாக வாங்குகிறவர் மட்டரெல்லி வகையையே வாங்கட்டும். சில நூறு ரூபாய்க்கு வருகிற மலிவான ஒன்றே போதும், ஆனால் வாங்கியதும் கொக்கியின் உட்புறத்தில் ஒரு நூலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அது நூலை அறுக்கும். நுண்ணிய உப்புத்தாளை மடித்து நாலு முறை தேய்த்தால் சரியாகிவிடும். நான் முதலில் வாங்கியதில் அந்தப் பிசிறு இருந்தது. அது தெரியாமல் ஒரு மாதம் நூலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்ன முள்ளில் கருவிக்கு இணை இல்லை. 18, 20 என்று போகும்போது காதுக்கும் கழுத்து இறகுக்கும் நடுவே நூல் உட்கார நாலைந்து இழை அகலம்தான் இருக்கும். விரல்கள் அங்கே மலை போல நிற்கின்றன. எங்கே சுற்று விழுகிறது என்று பார்க்கவே முடியாது. சுற்றும்போது இறகின் இழைகளையும் சேர்த்து அமுக்கிவிடும். கருவியின் கொக்கியோ குண்டூசி முனை போல, நீங்கள் காட்டிய இடத்தில் ஒவ்வொரு சுற்றையும் வைக்கும். பாராஷூட் வகை ஃப்ளையிலும் இப்படித்தான். அதில் கழுத்து இறகு முள்ளைச் சுற்றாமல், நட்டுவைத்த கம்பம் போன்ற இறக்கையின் அடியில் படுக்கைவாட்டில் சுற்றியிருக்கும். முடிச்சை அந்த இறகுக் குடைக்கு அடியில் கம்பத்தைச் சுற்றிப் போட வேண்டும் என்றால் விரலால் முடிகிறவர்கள் உண்டு. என்னால் முடிந்ததில்லை, கருவியால் முதல் முயற்சியிலேயே வந்தது.

கையின் தோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோட்ட வேலை, சிமெண்ட் வேலை செய்கிற கை, குன்னூர்க் குளிரில் வெடித்த கை என்றால் நூல் தோலில் சிக்கிப் பிசிறும். முறுக்கில்லாமல் பட்டையாகப் படுக்கும் நூல்களில் இது இன்னும் மோசம். பாதி இழைகள் விரலிலேயே தங்கிவிடும். இப்படிப்பட்டவர்கள் நான் சொன்ன வரிசையை மறந்துவிட்டு முதல் நாளே கருவி வாங்கலாம். விரல் மூட்டு வலி உள்ளவர்களும் அப்படியே. கத்தரிக்கோல் போல விரலைத் திறந்து மூடும் அசைவு அவர்களுக்கு வேதனை.

நூலைப் பற்றியும் கொஞ்சம். நெசவுத் தொழில் தெரிந்தவர்களுக்கு டெனியர் பழக்கமான சொல்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். ஃப்ளை கட்ட 70 டெனியர், 140 டெனியர் நூல்கள் அதிகம் பயன்படும். பழகுவதற்கு 140 எடுங்கள், அறாது. ஜெல்ஸ்பன் என்ற பாலிஎத்திலீன் நூல் கம்பி போல வலுவானது, ஆனால் வழுக்கும். விரலால் இழுத்தால் தோலையும் கீறும். அதற்குக் கருவியும் ஏழெட்டுச் சுற்றும் வேண்டும். எந்த நூலானாலும் முடிச்சுக்கு முன் கடைசி ஒரு சாணில் தேன்மெழுகைத் தேய்த்துக்கொள்வது நல்லது. கோத்தகிரிப் பக்கம் நல்ல மெழுகு எளிதில் கிடைக்கும். மெழுகிட்ட நூல் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவதாக இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள்: முடிச்சே வேண்டாம், நூலின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் சூப்பர் க்ளூ தடவி ஐந்து சுற்று சுற்றி வெட்டிவிடு. வேலை ஆகும். நானும் அவசரத்தில் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. ஜூன், ஜூலையில் நீலகிரியில் சன்னலைத் திறந்து வைத்தால் சுற்றி முடிக்கும் முன்பே நூல் கம்பியாகிவிடும். திறந்த புட்டியும் சீக்கிரமே கட்டியாகிவிடும். கொஞ்சம் கூடினால் கழுத்து இறகுக்குள் ஏறி அதைத் துடைப்பம் ஆக்கும், இல்லாவிட்டால் முள்ளின் காதை அடைக்கும். ஓடைக்கரையில் நின்றுகொண்டு அடைத்த காதில் நரம்பைக் கோக்க முயன்றவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். தலையில் தடவும் வார்னிஷையும் பசையாக நினைக்க வேண்டாம். நூலைப் பிடிப்பது முடிச்சு. மீனின் பல்லும் கல்லும் அந்த நூலை அரைக்காமல் காப்பது வார்னிஷ். முடிச்சு மோசமாக இருந்தால் வார்னிஷ் அதை ஒரு நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

அரை முடிச்சுக்கும் ஓர் இடம் உண்டு. அதை நான் முழுதாக ஒதுக்கவில்லை. கட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்துபோக வேண்டியிருந்தால், அல்லது மான் முடி போன்று முரண்டு பிடிக்கும் பொருளைக் கட்டியபின் காவலுக்கு, ஓர் அரை முடிச்சு போட்டுவைக்கலாம். அதற்குக் கடைக் கருவி தேவையில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலின் பின்முனையில் நூலை ஒரு சுற்று சுற்றி, ஓட்டையை முள்ளின் காதில் பொருத்தி, நூலை முன்னுக்கு நழுவவிட்டால் முடிச்சு சரியாக விழும். பெரிய முள்ளென்றால் பேனாவின் கூடே போதும்.

விரலானாலும் கருவியானாலும் ஒரு தவறு இரண்டிலும் முடிச்சைக் கெடுக்கும்: இடம் விடாமல் கட்டுவது. காதுக்குப் பின்னால் காதின் நீளத்துக்காவது வெறும் தண்டு விட வேண்டும். உடம்பைத் தொடங்கும்போதே அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தலை நெருக்கமாகிவிட்டால் சுற்றுகள் காதின் மேல் ஏறி வழுக்கி விழும். பிறகு எந்த முறையும் காப்பாற்றாது.

என் பெரியப்பாதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் இயல்பாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் முட்டைகளைக் கொண்டுவர நடந்த முயற்சிகள் தோற்று, 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் இங்கே நிலைத்தது. மீன் வந்த வழியிலேயே ஃப்ளையும் வந்தது. ஆனால் பெரியப்பா பழகிய காலத்தில் குன்னூரில் கருவி எங்கே கிடைக்கும்? அவர் வைஸ்கூட இல்லாமல், முள்ளை இடது கை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே கட்டினார். 1676-இல் இங்கிலாந்தின் டவ் ஆற்றங்கரையிலிருந்து சார்லஸ் காட்டன் எழுதி வைத்த முறையும் முள்ளை இடது கை விரல்களுக்குள் பிடித்துக் கட்டுவதுதான். பெரியப்பா சேவல் கழுத்து இறகைக் கறிக்கடையில் கேட்டு வாங்குவார். காட்டுக்கோழி இறகைத் தொடமாட்டார். மேலைநாட்டு சால்மன் ஃப்ளைகளில் கன்னத்துக்கு வைத்த மினுமினுக்கும் புள்ளி இறகு நம் மலைக் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து போனதுதான், இன்று அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. கருவியைப் பற்றிக் கேட்டால், "விரல் பத்து இருக்கும்போது பதினொண்ணாவது எதுக்கு?" என்பார்.

எழுபது தாண்டியபின் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. 4 உருவாகும், சுற்றும்போது கலைந்துவிடும். சில மாதம் கட்டுவதையே விட்டுவிட்டார். போன வருடம் என் மட்டரெல்லியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், எதுவும் சொல்லவில்லை. கைப்பிடியை வைஸின் கழுத்தில் சாய்த்துக்கொண்டால் நடுக்கம் முனைக்கு வருவதில்லை என்று அவரே கண்டுபிடித்திருக்கிறார். 12-ஐவிடச் சின்ன முள்ளில் இப்போது கட்டுவதில்லை. போன மாதம் ஆறு ஃப்ளைகளைத் தீப்பெட்டியில் போட்டு அனுப்பினார். ஆறிலும் தலை சீராக இருக்கிறது, சுற்று ஐந்துதான்.